பிள்ளையின் தோலில் மஞ்சள் கட்டி, கண்ணில் ரத்தம்: ஜே.எக்ஸ்.ஜி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது இடது கண்ணில் இந்த நோய் வந்தது. இப்போது அவளுக்கு ஏழு வயது. நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன்; மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் அவளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர், இதே நோயோடு வரும் குடும்பங்களுக்கு என் தொலைபேசி எண்ணைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். அன்றிலிருந்து களியக்காவிளையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் ஆரல்வாய்மொழியிலிருந்தும் அழைப்பு வருகிறது. கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. எழுதி வைத்தால் என் தொண்டையாவது மிச்சமாகும் என்றுதான் இது.

டீச்சர், நோயின் பெயரே வாயில் நுழையவில்லை. இது என்ன நோய்?

ஜுவனைல் சாந்தோகிரானுலோமா. மருத்துவமனையில் சுருக்கி ஜே.எக்ஸ்.ஜி. என்பார்கள். 'சாந்தோ' என்றால் கிரேக்க மொழியில் மஞ்சள். நம் உடம்பில் கிருமியையும் கழிவையும் விழுங்கித் துப்புரவு செய்யும் அணுக்கள் உண்டு. ஹிஸ்டியோசைட் என்று பெயர். அவை அவசியமே இல்லாமல் ஓரிடத்தில் கூடிக் கட்டியாகிவிடுகின்றன. நாளடைவில் அந்த அணுக்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேர, கட்டி மஞ்சளாகிறது. புதிய நோயும் அல்ல. ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஹோ 1871இலேயே இப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்போதைய பெயர் 1954இல் வந்தது.

பெரும்பாலும் ஒரே ஒரு கட்டிதான் இருக்கும். தலை, கழுத்து, மேல் உடம்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். தொட்டால் ரப்பர் போல இருக்கும். முதலில் சிவந்திருந்து, பிறகு மஞ்சளும் பழுப்புமாக மாறும். வலிக்காது. முதல் வயதுக்குள் வருவதே அதிகம்; சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே இருக்கும். சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள் தானாக அமுங்கிப் போகும். போன இடத்தில் தோல் கொஞ்சம் தளர்ந்தோ நிறம் மாறியோ தெரியலாம்.

மஞ்சளாக இருக்கிறதே, காமாலையா? இல்லை, எனக்குக் கொழுப்பு இருப்பதால் பிள்ளைக்கும் வந்துவிட்டதா?

இரண்டும் இல்லை. காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் சிறுநீரும் மஞ்சளாகும். இதில் கட்டி மட்டும்தான் மஞ்சள். ரத்தத்தில் கொழுப்பின் அளவும் இந்தப் பிள்ளைகளுக்குச் சரியாகவே இருக்கும். தாய்ப்பால் கொடுக்கும் அம்மா எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இது பாலுண்ணிதானே? முடியைக் கட்டி விட்டால் விழுந்துவிடும் என்கிறார் ஆச்சி.

பாலுண்ணி முத்துப் போலப் பளபளப்பாக, நடுவில் ஒரு குழியோடு இருக்கும். ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றும். ஜே.எக்ஸ்.ஜி. தொற்றாது, அந்தக் குழியும் இருக்காது. ஆனாலும் கண்ணால் பார்த்து நீங்களும் நானும் முடிவு சொல்ல வேண்டாம். தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் ஒரு துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்.

முடி கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, முந்திரிக் கொட்டைத் தோட்டின் பாலைத் தொட்டு வைப்பது எதுவும் வேண்டாம். அந்தப் பால் பட்டால் முந்திரி ஆலையில் வேலை செய்கிறவர்களின் கைத்தோலே உரிகிறது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழந்தைக்கு இமையோரத்துக் கட்டியில் அதை வைத்துவிட்டார்கள். கட்டி தானாகப் போயிருக்கும். அந்தத் தழும்பு போகவில்லை.

தானாகப் போய்விடும் என்கிறீர்கள். பிறகு எதற்குக் கண் மருத்துவரிடம் ஓடச் சொல்கிறீர்கள்?

தோலில் இருக்கும் கட்டிக்கு அவசரம் இல்லை. அதே கட்டி கண்ணுக்குள் இருந்தால், தானாகப் போகும்வரை கண் காத்துக்கொண்டிருக்காது. ரத்தம் கசியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு கெடும். நரம்பு கெட்டால் கெட்டதுதான்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. என் தொழில் அது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். தோலில் இந்தக் கட்டி உள்ள பிள்ளைகளில் கண்ணுக்கும் வருவது 1,000 பேரில் 3 அல்லது 4 பேருக்குத்தான். இதைக் கேட்டதும் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால் கண்ணில் நோய் வந்த பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்போது தோலில் ஒன்றுமே இருப்பதில்லை. என் மகளுக்கும் இருக்கவில்லை. ஆகவே தோலில் ஒரு கட்டி வந்தவர்கள் பயந்து சாக வேண்டாம்; தோலில் ஒன்றும் இல்லாதவர்கள் கண்ணில் தெரிவதை அலட்சியம் செய்யவும் வேண்டாம். இரண்டு வயதுக்குள், உடம்பில் பல கட்டிகள் இருந்தால், கண்ணில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கண்ணில் ரத்தம் என்றால் கண் சிவந்திருப்பதுதானே? மெட்ராஸ் ஐ வந்தாலும் அப்படித்தானே இருக்கும்?

அந்தக் குழப்பத்தில்தான் நாங்கள் நான்கு நாட்களை இழந்தோம். ஒரு கிளினிக்கில் கண்வலி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், நாங்களும் விட்டுக்கொண்டிருந்தோம்.

கண்ணின் கறுப்பு வட்டத்தைக் கைக்கடிகாரம் போல நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ணாடி, அது கார்னியா. கீழே முகப்பு, அது ஐரிஸ் என்ற பழுப்பு நிறத் திரை. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நிறைந்த ஓர் இடைவெளி. ஐரிஸில் இருக்கும் கட்டியிலிருந்து ரத்தம் கசிந்தால் அந்தத் தண்ணீரில்தான் கலக்கும். ஐந்தாம் நாள் காலையில் திண்ணை வெளிச்சத்தில் அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தபோதுதான் பார்த்தேன். கறுப்பு வட்டத்தின் அடியில் நகக்கீற்று அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. மேல்விளிம்பு தண்ணீர் மட்டம் போல நேராக இருந்தது. படுக்க வைத்தேன்; கோடு கலைந்து, கறுப்பு முழுவதும் கலங்கியது. மறுபடி உட்கார வைத்தேன். குங்குமம் கலந்த தண்ணீர் தெளிவதைப் போல மெல்ல அடியில் போய்ப் படிந்தது. அடிபடாத கைக்குழந்தையின் கண்ணில் இப்படித் தெரிந்தால் அன்றைக்கே புறப்பட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி. வெள்ளை விழி சிவப்பது வேறு, கறுப்புக்குள் ரத்தம் நிற்பது வேறு.

ரத்தம் வராமலும் கண்ணில் இருக்குமா?

இருக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும் என்பதால், இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்க ஐரிஸில் மட்டும் மஞ்சளாகவோ வெளிறியோ ஒரு திட்டு, அல்லது ஒரு கண்ணின் நிறம் மட்டும் மாறியிருப்பது. நம் பிள்ளைகளுக்குக் கறுத்த கண் என்பதால் வீட்டு வெளிச்சத்தில் இது பிடிபடாது. வாசலில் நின்று பாருங்கள். இமையிலும், கண்ணின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலுள்ள ஓரத்திலும்கூடக் கட்டி வரலாம்.

வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்புவது, ஓயாமல் கண்ணீர் வடிவது, கறுப்பு வட்டம் புகை படிந்தது போலத் தெரிவது ஆகியவை அழுத்தம் ஏறியதற்கான அடையாளங்கள். குழந்தையின் கண் இளசு என்பதால் அழுத்தத்தில் கண்ணே பெரிதாகும். "பிள்ளைக்கு என்ன அழகான பெரிய கண்" என்று கல்யாண வீட்டில் என் மதினி கொஞ்சினார். அந்த இடது கண்ணில் அழுத்தம் 34 இருந்தது. 21க்குள் இருந்திருக்க வேண்டும்.

கண்ணில் தாய்ப்பால் விடலாமா? நந்தியாவட்டைப் பூ? வர்ம ஆசானிடம் காட்டலாமா?

விட வேண்டாம், பூவும் வேண்டாம். ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் தாத்தாவின் நழுவிய தோளை ஏற்றியவர் ஓர் ஆசான்தான். ஆனால் இது அடிபட்ட ரத்தம் அல்ல. தடவுவதும் அழுத்துவதும் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

எங்கே கொண்டு போவது?

தோலில் மட்டும் என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவும் குழந்தைகள் பிரிவும் உண்டு, அங்கே தொடங்குங்கள். கண் என்றால் குழந்தைகளின் கண்ணைப் பார்த்துப் பழகியவர் வேண்டும். மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்திலுள்ள மண்டல அரசுக் கண் மருத்துவமனை பக்கம். நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்கள் திருநெல்வேலி அல்லது மதுரை அரவிந்த் போகிறார்கள். எல்லை தாண்டிப் போவதானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் பிள்ளையைத் தலை உயர்த்தி, தோளில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ வலியோ இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

'பிள்ளையை யாராவது அடித்தீர்களா' என்று டாக்டர் கேட்டுவிட்டார். என் மாமியார் அழுதுகொண்டே வெளியே போய்விட்டார்.

என்னிடமும் கேட்டார்கள். மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டார்கள், என்னிடம் தனியாக, என் கணவரிடம் தனியாக. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், கண்ணுக்குள் ரத்தம் வருவதற்கு முதல் காரணம் அடிதான். பேசத் தெரியாத குழந்தைக்காக யாராவது கேட்கத்தான் வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கட்டில் விளிம்பில் இடித்திருக்கலாம் என்று நீங்களாக ஒரு காரணத்தை உண்டாக்கிச் சொன்னால் நோய் கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகும்.

புற்றுநோய் இல்லை என்கிறார்கள். ஆனால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சதை எடுத்துச் சோதனை எல்லாம் எதற்கு?

ஜே.எக்ஸ்.ஜி. புற்றுநோய் அல்ல. ஆனால் இதே வயதில் இதே மாதிரி முகம் காட்டும் வேறு நோய்கள் உண்டு. விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயும் ரத்தப் புற்றுநோயும் கண்ணில் ரத்தமாக வெளிப்படலாம். ரத்தம் மறைப்பதால் உள்ளே பார்க்க முடியாது. அதனால் பி-ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். ரெட்டினோபிளாஸ்டோமா இல்லை என்று உறுதியாகும் முன்பு கண்ணுக்குள் ஊசி போட மாட்டார்கள். போட்டால் அந்தப் புற்றுநோய் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும். 'உடனே ஊசி போட்டுப் பார்க்காமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள்' என்று கோபப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

தோலிலும் கட்டி இருந்தால் அங்கிருந்து சதை எடுத்துவிடுவார்கள். கண்ணைத் தொட வேண்டியதே இல்லை. நுண்ணோக்கியில் டூட்டன் அணுக்கள் தெரிந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. பல உட்கருக்கள் மாலை கோத்தது போல வட்டமாக நிற்க, சுற்றிலும் நுரைத்த கொழுப்பு இருக்கும். அறிக்கையில் 'சிடி1ஏ நெகட்டிவ்' என்று இருப்பதைப் பார்த்து ஒரு அப்பா பதறி அழைத்தார். அது நல்ல செய்தி. லாங்கர்ஹான்ஸ் என்ற இன்னொரு ஹிஸ்டியோசைட் நோய் இது இல்லை என்று பொருள்.

சொட்டு மருந்திலேயே சரியாகுமா? ஸ்டீராய்டு என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

ஐரிஸ் கட்டிக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு சொட்டுதான். நிறையப் பிள்ளைகளுக்கு அதிலேயே கட்டி சுருங்கிவிடுகிறது. போதாவிட்டால் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியாகவோ வாய்வழியாகவோ தருவார்கள். அறுவை சிகிச்சையும் மிகக் குறைந்த அளவுக் கதிர்வீச்சும் அரிதாக, வேறு வழி இல்லாதபோது. அழுத்தத்தைக் குறைக்கத் தனிச் சொட்டு உண்டு. பெரியவர்களுக்குத் தரும் எல்லாச் சொட்டும் குழந்தைக்கு ஆகாது. பிரிமோனிடைன் இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது; மூச்சையே அடக்கிவிடும். டிமோலால் தந்தால், பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருக்குமானால் அதை மறக்காமல் சொல்லுங்கள். தாத்தாவின் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) சொட்டு வீட்டில் இருக்கிறதே என்று எடுத்து விட்டுவிடாதீர்கள்.

ஸ்டீராய்டைக் கண்டு பயப்படுவது நியாயம்தான். அதுவே அழுத்தத்தை ஏற்றும், புரையையும் உண்டாக்கும். அதனால்தான் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். நானாகப் பார்த்துப் பழகியவை: பிரெட்னிசோலோன் சொட்டுப் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும். விட்டதும் மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு சொட்டுகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி. தூங்கும்போது விடுவது எளிது. கண் வெளுத்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழைய சீட்டை மருந்துக்கடையில் காட்டித் திரும்ப வாங்கவும் கூடாது. எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு முறை மறுபடி ரத்தம் வந்தது.

கண்ணைப் பார்க்க மயக்க மருந்தா? சின்னப் பிள்ளைக்கு அது தேவையா?

கைகால் உதறி அழுகிற குழந்தையின் அழுத்தத்தை அளந்தால், அழுகையே எண்ணை ஏற்றிவிடும். அதற்காகத்தான். தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், மற்றப் பாலையும் கஞ்சியையும் 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். 'பசிக்கிறதே, பாவம்' என்று பாட்டி ஒரு வாய் ஊட்டிவிட்டால் அன்றைய பயணம் வீண். அதிகாலை பஸ் பிடித்துப் போய் அப்படித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சி. மணலில் கதிர்வீச்சு இருக்கிறதே, அதனால் வந்ததா? சொந்தத்தில் கட்டியதாலா?

இந்தக் கேள்வியைக் கடற்கரைக் குடும்பங்கள் எல்லாமே கேட்டுவிட்டன. அங்கே மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம், இவை உண்மை. ஆனால் அந்தக் கதிர்வீச்சு ஜே.எக்ஸ்.ஜி.க்குக் காரணம் என்று கண்டறியப்படவில்லை. என்னிடம் பேசியவர்களில் மலையடிவாரத்துக் குலசேகரத்துக்காரர்களும் உண்டு. சில பிள்ளைகளின் கட்டி அணுக்களில் மட்டும் மரபணு மாற்றம் காணப்படுகிறது. அது பெற்றோர் கொடுத்தது அல்ல. ஆகவே சொந்தத்தில் கட்டியதும் காரணம் இல்லை. கிரகணமும் இல்லை.

மற்ற உறுப்புகளிலும் வருமாமே? எங்கெங்கே?

வரலாம், அரிது. ஜெர்மனியின் கீல் நகரக் குழந்தைக் கட்டிப் பதிவேட்டிலிருந்து 129 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். உள்ளுறுப்புகளில் பரவியிருந்தது அவர்களில் 4 சதவீதம் போல. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், மூளை, எலும்பு, எலும்பு மஜ்ஜை என்று எங்கும் வரலாம். இங்கேயும் தோலில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

வயிறு உப்பி ஒரு பக்கம் கெட்டியாகத் தெரிவது, மூச்சுத் திணறல், வலிப்பு, நடை தள்ளாடுவது, ஓயாத தாகத்தோடு அளவுக்கு மீறிச் சிறுநீர் போவது, எடை ஏறாமல் நிற்பது. இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கட்டியைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லீரலிலும் மூளையிலும் பரவினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது வின்பிளாஸ்டின், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைக் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவினரே தருவார்கள். அந்த மருந்துகளைக் கையாளத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதால்தான். 'கேன்சர் வார்டு' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

உடம்பில் பால் கலந்த காப்பி நிறத்தில் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடினார்கள். அது எதற்கு?

5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான அப்படிப்பட்ட திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் 1 என்ற பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் ஜே.எக்ஸ்.ஜி.யும் சேர்ந்திருந்தால் ஒரு வகை ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு என்று 1990களில் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதைச் சந்தேகிக்கின்றன. மிக அரிய ஒன்றின் பல மடங்கும் அரியதுதான். மருத்துவர் சொல்லும்போது ரத்தம் பாருங்கள்; பிள்ளை வெளுத்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் நீடித்தாலோ உடனே காட்டுங்கள். இணையத்தில் இதைத் தேடிப் படித்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பியவர்கள் மூன்று பேர்.

தடுப்பூசி போடலாமா?

சொட்டு மட்டும் என்றால் வழக்கம்போல. வாய்வழி ஸ்டீராய்டோ வின்பிளாஸ்டினோ ஓடினால், தட்டம்மை-ரூபெல்லா ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிப் போடச் சொல்லலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

கட்டி போய்விட்டது. இனி பார்வை சரியாகிவிடும்தானே?

இதற்குத்தான் நான் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வேன். ரத்தமும் புகையும் மறைத்திருந்த மாதங்களில் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டு மற்றக் கண்ணிலேயே பார்க்கப் பழகியிருக்கும். சோம்பேறிக் கண் என்பார்கள். கட்டி போனாலும் அது போகாது. நல்ல கண்ணை ஒட்டி மூடி, கெட்ட கண்ணை வேலை வாங்க வேண்டும். எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

அந்த ஒட்டு எங்கள் வீட்டில் ஒரு யுத்தம். மூன்று வயதில் பிய்த்து எறிந்தாள். ஒட்டின் மேல் மயில் வரைந்து கொடுத்தேன், மயிலோடு சேர்த்துப் பிய்த்தாள். கடைசியில் அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்து மட்டிப்பழம் உரித்துக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் சம்மதித்தாள். இப்போது இடது கண்ணில் 6/12. அதாவது மற்றவர்கள் 12 மீட்டரில் படிப்பதை அவள் 6 மீட்டரில் படிப்பாள். வகுப்பில் முதல் பெஞ்சு. அழுத்தம் 16இல் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்வருகிறோம்.

திரும்ப வருமா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

தோலில் போனது திரும்புவது அபூர்வம். கண்ணில், மருந்தைக் குறைக்கும்போது தலைகாட்டலாம். சொட்டு பற்றிய பதிலில் சொன்னேனே, எங்களுக்கு வந்தது. அடுத்த பிள்ளைக்கு வரும் என்று பயப்பட வேண்டாம். என் மகன் ஒன்றுமில்லாமல் வளர்கிறான்.

டீச்சர், ஃபோட்டோ அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

தோல் கட்டியின் படம் அனுப்பினால், எந்தப் பிரிவில் சீட்டு எடுப்பது, எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்று சொல்வேன். நோய் இதுதான் என்று சொல்ல மாட்டேன். கண்ணின் படம் அனுப்பாதீர்கள். பள்ளி நேரத்தில் என் கைப்பேசி அலமாரிக்குள் இருக்கும். மாலை நான்கரைக்குத்தான் எடுப்பேன். அதற்குள் நீங்கள் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.